வீட்டின் அந்தரங்கமும் நாட்டின் பாதுகாப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவுக் கணக்கும், கபரஸ்தான் சுற்றுச்சுவர் குறித்த விவாதமும் நிறைவுற்ற பின்னர் நமக்கு ஒதுக்கப்பட்டுள்ள இந்தச் சிறிது நேரத்தில், நிர்வாகக் குழுவினர் நம்மிடம் ஒப்படைத்த ஒரு கேள்விக்கு விடை தேட விழைகிறோம். நம் ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டையும், நிக்காஹ் தஃப்தரையும், வெளியூரிலிருந்து வந்து பள்ளியில் தங்கிச் செல்வோரின் பெயர்ப் பட்டியலையும் அரசுத் தரப்பிலிருந்து ஒருவர் வந்து கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா என்பதே அந்தக் கேள்வி.

இதற்கு மஹல்லாவில் இருவிதமான பதில்கள் உலவுகின்றன. "மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது" என்பது பெரியவர்கள் சிலரின் கருத்து. "எவர் வந்தாலும் கதவைச் சாத்துங்கள், அவர்கள் நம்மைச் சந்தேகிப்பதற்காகவே வருகிறார்கள்" என்பது வாலிபர்கள் சிலரின் கருத்து. இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகிறோம்.

முதலில் வாலிபர்களுக்கு. நாம் குடியிருக்கும் பகுதி எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். தெற்கே சென்னைத் துறைமுகம், அதையடுத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே எண்ணூரில் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காமராஜர் துறைமுகம், மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். இடையிடையே எரிவாயுக் கிடங்குகளும் அனல்மின் நிலையங்களும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக் கொண்டிருந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். அது விபத்து. அதையே ஒரு கொடியவன் திட்டமிட்டுச் செய்தால் முதலில் மடிவது யார்? டெல்லியில் கோப்புப் பார்ப்பவரல்ல, திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் பாய் விரித்துப் படுத்திருக்கும் நாம்தாம்.

கடல் வழியே ஆபத்து வரும் என்பதும் இவ்வூருக்குப் புதிய செய்தியன்று. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுச் சென்றது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். சாமர்த்தியக்காரனை "சரியான எம்டன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வது அன்றைய அச்சத்தின் எச்சமே. 2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கிய பத்துப் பேரும், குஜராத் மீனவர்களின் படகு ஒன்றைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்தோரைக் கொன்றுவிட்டுத்தான் கரையை நெருங்கினார்கள். 166 உயிர்கள் பறிபோயின. அதன் பிறகே நாடெங்கும் கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. படகுகள் கணக்கெடுக்கப்பட்டன. "சாகர் கவச்" என்னும் ஒத்திகைகள் நம் கரையிலும் நடத்தப்படுகின்றன. காசிமேட்டில் வலை பின்னுபவரும் ஐஸ் உடைப்பவரும் அந்த அட்டையைக் குறை சொல்லலாம். ஆனால் அது ஒரு சமயத்தாருக்கென்று தனியே கேட்கப்பட்டதன்று. வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, கடலுக்குச் செல்வோர் அனைவருக்கும் பொதுவாக நடந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

ஆகவே, நாட்டைக் காப்பதற்காகத் தகவல் திரட்டுவது அரசின் கடமைகளுள் ஒன்று. இதை மார்க்கமும் மறுக்கவில்லை. அகழ்ப் போரின்போது கடுங்குளிரில், காரிருளில், எதிரிகளின் முகாமுக்குள் சென்று நிலைமையை அறிந்து வருமாறு ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு மக்கா வெற்றிக்குச் சற்று முன்னர் நடந்த நிகழ்ச்சி இதைவிடத் தெளிவானது. படை புறப்படவிருக்கும் செய்தியைக் குறைஷிகளுக்குத் தெரிவித்து ஹாத்திப் இப்னு அபீபல்த்தஆ (ரலி) அவர்கள் ஒரு கடிதம் எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகிய மூவரை அழைத்து, ரவ்ளத்து காக் என்னும் இடத்தில் இன்ன பெண் இருப்பாள், அவளிடம் கடிதம் இருக்கும், வாங்கி வாருங்கள் என்று பணித்தார்கள். அவள் முதலில் மறுத்தாள். வற்புறுத்தியபோது கூந்தல் பின்னலிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கடிதத்தை இடைமறித்தல் என்று இன்று சட்டப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் எப்படி நடந்தது என்று பாருங்கள். ஓரிடம், ஓர் ஆள், ஒரு கடிதம். மதீனாவிலிருந்து மக்கா செல்லும் வழிப்போக்கர் அனைவரின் மூட்டைகளும் அவிழ்க்கப்படவில்லை. மக்காவில் உறவினர் உள்ள முஹாஜிர்களின் வீடுகளெல்லாம் சோதனையிடப்படவில்லை. கடிதம் கைக்கு வந்த பிறகும், எழுதியவரை அழைத்து "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்டு, அவருடைய விளக்கத்தை முழுவதும் செவியுற்ற பின்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. அவர் மன்னிக்கவும்பட்டார்.

இனி, "மறைக்க என்ன இருக்கிறது" என்று கேட்கும் பெரியவர்களுக்கு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய இஹ்யாவில் எடுத்தாண்டுள்ள ஒரு நிகழ்ச்சியை இங்குள்ள பலர் மக்தபில் கேட்டிருப்பீர்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வரும்போது ஒரு வீட்டிலிருந்து சந்தேகத்திற்குரிய சத்தம் வந்தது. மதில் ஏறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் மதுவுடன் அமர்ந்திருந்தான். கலீஃபா அவனைக் கடிந்தபோது அவன் சொன்னான்: நான் செய்தது ஒரு குற்றம், அமீருல் முஃமினீன் அவர்களோ மூன்றைச் செய்துவிட்டீர்கள், துருவி ஆராய்வதை இறைவன் தடுத்திருக்க ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரும்படி கட்டளையிருக்க மதிலேறி வந்தீர்கள், அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழைய வேண்டியிருக்க அவ்வாறு செய்யவில்லை என்று. உலகின் பெரும் வல்லரசுகள் இரண்டை அடிபணிய வைத்த அந்த ஆட்சியாளர், அவனிடமிருந்து திருந்துவதாக ஒரு வாக்குறுதியை மட்டும் பெற்றுக்கொண்டு வெளியேறிவிட்டார்கள்.

அவன் நல்லவனல்லன், குற்றவாளி. மறைப்பதற்கு அவனிடம் உண்மையிலேயே ஒன்று இருந்தது. அவனுக்கே வீட்டின் மதில் ஓர் உரிமையாக இருந்ததென்றால், மறைக்க ஏதுமில்லாதவனுக்கு அது இல்லாமற் போகுமா? நம் பதிவேட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதைச் செயலாளரைக் கேளுங்கள். எந்த வீட்டுப் பெண் தலாக் ஆகித் தாய் வீட்டில் இருக்கிறாள், எவர் கௌரவமாக உடுத்திக்கொண்டு வந்து ரமளானில் ஜகாத் பெற்றுச் செல்கிறார், எந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பினான், எவர் புதிதாக மார்க்கத்தைத் தழுவி இன்னும் பெற்றோருக்குச் சொல்லாமல் இருக்கிறார். இவை அனைத்தும் அதில் இருக்கின்றன. இவற்றில் எது குற்றம்? ஒன்றுமில்லை. ஆனாலும் இவற்றுள் எதையேனும் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கச் சொன்னால், சம்பந்தப்பட்டவர் மஹல்லாவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? வாசலில் திரை தொங்குவது உள்ளே திருட்டுப் பொருள் இருப்பதால் அன்று.

மதிலேறிப் பார்க்கும் அரசு எப்படி இருக்கும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஒருவன் திருடினானா என்று பார்ப்பதற்குப் பதிலாக, இன்ன சாதியில் பிறந்தான் என்பதற்காகவே அவனுடைய கைரேகையைப் பதிவது, இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ வந்து படுக்கச் செய்வது, வெளியூர் போகச் சீட்டு வாங்க வைப்பது, இதுதான் அச்சட்டம். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. ஒரு சமூகத்தையே பட்டியலாக எழுதி வைத்துக் கண்காணிப்பது நம் மண்ணில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டது. அதைச் சகித்தவர்கள் நம் சமயத்தவர் அல்லர், நம் மண்ணின் சகோதரர்கள். இதை நாம் நமக்கு மட்டுமே வந்த வேதனை என்று பேசுவது முறையன்று.

சுதந்திர இந்தியாவின் நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் மெல்ல மெல்லவே நடந்து வந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர், ஒரு கொள்ளை வழக்கில் ஆதாரமின்றி விடுவிக்கப்பட்ட பிறகும், நள்ளிரவில் போலீசார் வந்து கதவைத் தட்டி எழுப்புவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1962-இல் வந்த தீர்ப்பு, இரவில் வீடு புகுவதைத் தடுத்தது. ஆயினும் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பாராவ் அதில் மாறுபட்டு எழுதினார். 1994-இல், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது குறித்து நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில்தான், தன்னைத் தன் போக்கில் விட்டுவிடும்படி கோரும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. தொலைபேசி ஒட்டுக்கேட்பது பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில், உள்துறைச் செயலாளரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும், காலவரம்பு வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இறுதியாக, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அரசு அதில் தலையிடலாம். ஆனால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்திற்குத் தேவையான அளவைத் தாண்டலாகாது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2-இல் அளித்த தீர்ப்பைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்ட் 12-இல் உத்தரவிட்டது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கப்படுவதாகச் சந்தேகம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், பொது நெருக்கடி அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால் மட்டுமே ஒட்டுக்கேட்க இடம் தருகிறது. சாதாரணக் குற்றம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக இரகசியமாகக் காது வைக்க அது அதிகாரம் தரவில்லை. மேலும் அந்த உத்தரவு மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவுமில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. கேட்டுப் பதிந்தவற்றைச் சான்றாகப் பயன்படுத்தலாகாது என்றும், அதற்குப் புறம்பாகத் திரட்டப்பட்ட சாட்சியங்களை விசாரணை நீதிமன்றம் அவற்றின் தகுதிப்படி பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. லஞ்சம் கொடிய குற்றம்தான். மது அருந்துவதும் குற்றம்தான். மதிலேறியது தவறு என்ற பழைய தீர்ப்பை இந்தப் புதிய தீர்ப்போடு சேர்த்து வாசிக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் இடைமறிப்புக்கான புதிய விதிகளும் வந்தன. ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், எவ்வளவு நீட்டினாலும் 180 நாளைத் தாண்டலாகாது என்பது அவற்றிலும் உண்டு. ஆனால் மறுஆய்வுக் குழுவில் அமர்பவர்கள் அரசுச் செயலாளர்களே. நீதிபதி ஒருவரும் இல்லை. மகன் எழுதிய கணக்கைத் தந்தை தணிக்கை செய்வது போன்றது இது. நம் ஜமாஅத் கணக்கையே வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்கிறோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் இயற்றப்பட்ட சட்டமோ, தன் முகமைகளுள் எதற்கு வேண்டுமானாலும் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்திருக்கிறது. கடைக்காரன் வாசலுக்குப் பூட்டு, கோட்டை வாசலுக்குத் திரை. கைப்பேசிகளுக்குள் புகும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் குறித்து 2021-இல் வழக்குகள் வந்தபோது, நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டதாலேயே நீதிமன்றம் விலகி நின்றுவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, நிபுணர் குழுவை அமைத்தது. 29 கைப்பேசிகளை ஆராய்ந்த அக்குழு ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படவில்லை என்றும் கூறியது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அக்குழு தெரிவித்ததை 2022-இல் தலைமை நீதிபதியே மன்றத்தில் சொன்னார்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லோரையும் எழுதி வைத்துக்கொண்டால் பாதுகாப்பு கூடுமல்லவா, சிறிது சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன? அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2001-க்குப் பின் அமெரிக்காவின் நியூயார்க் நகரக் காவல்துறை, முஸ்லிம்கள் எங்கே தொழுகிறார்கள், எந்தக் கடையில் உண்கிறார்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுவதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருந்தது. பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயான்களைக் குறிப்பெடுக்கவும் ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. அப்பிரிவு எழுதிக் குவித்தவற்றிலிருந்து பயங்கரவாத விசாரணை எதற்கும் துப்புக் கிடைத்ததாகத் தம் பொறுப்புக் காலத்தில் தமக்குத் தெரியாது என்று, 2012-இல் அத்துறையின் உயரதிகாரியே பிரமாண வாக்குமூலம் அளித்தார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

நமக்கு அண்மையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டனர். அதை முன்னின்று நடத்தியவனுக்கு எதிராகக் காத்தான்குடி முஸ்லிம்களே 2017-இல் முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே இந்தியாவிலிருந்து குறிப்பான எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆள் தெரியும், திட்டம் தெரியும், செயல்படத்தான் எவருமில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, அத்தீவின் முஸ்லிம்கள் அனைவரும் வீதியில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் நிலை வந்துவிட்டது. 2022 அக்டோபர் 23-இல் கோவை உக்கடத்தில் கார் வெடித்து இறந்தவனும், 2019-இலேயே தேசியப் புலனாய்வு முகமையால் விசாரிக்கப்பட்டவன்தான். 1998 பிப்ரவரி 14-இன் கொடூரத்தில் 58 பேரைப் பறிகொடுத்த அந்த நகரத்தில் நம் சமுதாயம் எத்தனை ஆண்டுகள் கூனிக் குறுகி வாழ்ந்தது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. இங்கெல்லாம் குறையாயிருந்தது பட்டியலின் நீளமன்று. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுபவன் மேலும் வைக்கோலைக் கொண்டுவந்து கொட்டுவதால் என்ன பயன்?

ஆகவே நிர்வாகக் குழுவின் கேள்விக்கு வருகிறோம். வாசல் வழியே வருபவருக்குக் கொடுங்கள். மதிலேறி வருபவருக்குக் கொடுக்காதீர்கள். இது உவமையாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக நடைமுறையையும் சொல்கிறோம்.

சாதாரண உடையில் ஒருவர் வந்து, தேநீர் அருந்தியபடியே, "சும்மா ஒரு தகவலுக்காக, உங்கள் ஜமாஅத் வாலிபர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் வேண்டும்" என்று கேட்பது பள்ளிவாசல் பணியில் இருப்போர் பலரும் அறிந்ததே. அவரை அவமதிக்க வேண்டியதில்லை. அவரும் மேலிடம் சொன்ன வேலையைச் செய்பவர். அமர வைத்து, எழுத்தில் தரும்படி பணிவுடன் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதன் 94-ஆம் பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தை ஒப்படைக்குமாறு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவிடலாம். அப்படி உத்தரவு வந்தால் தாமதமின்றிக் கொடுப்பது நம் கடமை. கேட்கப்பட்ட பக்கத்தின் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒருவரைப் பற்றிக் கேட்டால் அவரைப் பற்றியதை மட்டும் கொடுங்கள். ஒருவருக்காக முழுத் தஃப்தரையும் தூக்கிக் கொடுத்தால், மீதமுள்ள குடும்பங்கள் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் என்னாவது? 179-ஆம் பிரிவின்படி சாட்சியாக விசாரிக்க அழைப்பதும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இதைத் தாய்மார்கள் நன்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்படும் உத்தரவு வேறு. 2012-இல் வங்கிக் கொள்ளைகளும், அதையடுத்து வேளச்சேரியில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வும் நடந்தபோது, வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டுமென மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். அது சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆயினும் நகரம் முழுவதற்கும் பொதுவாக, அதிகாரியின் பெயரால், பகிரங்கமாக வெளிவந்தது. மீனவர் அட்டையும் அப்படியே. அத்தகையவற்றில் நாம் பின்தங்கலாகாது.

நம் கண்ணெதிரே எவரேனும் வெடிபொருளைச் சேர்ப்பதாக, அப்பாவிகளைக் கொல்லத் திட்டமிடுவதாகத் தெரிந்தால், யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு இத்தகைய பெருங்குற்றங்களைத் தெரிவிப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியுள்ளது. "நம்மவன்" என்று மூடி மறைப்பது மார்க்கப்படியும் பெருந்துரோகம். காத்தான்குடி மக்கள் செய்ததுதான் சரி.

ஆனால் இதற்கும் ஒரு வரம்புண்டு. சொத்துத் தகராறில், சம்பந்தம் முறிந்த கோபத்தில், நிர்வாகத் தேர்தலில் தோற்ற ஆத்திரத்தில், அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தீவிரவாதி என்று மொட்டைக் கடிதம் போடுகிறவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள். இது கசப்பான உண்மை. துருவித் துருவி ஆராய வேண்டாம் என்ற கட்டளை கலீஃபாவுக்கு மட்டும் வந்ததன்று. நமக்கும் சேர்த்தே வந்தது. பெயர் போடத் துணியாதவனுடைய கடிதத்தை நிர்வாகக் குழு வாசிக்கவும் கூடாது.

இறுதியாக, நம் கைக்குள்ளேயே இருக்கும் சில காரியங்கள். மாநகரக் காவல்துறையின் "மூன்றாவது கண்" இயக்கத்தைத் தொடர்ந்து நகரெங்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின, பள்ளிவாசல்களிலும் பொருத்தினார்கள். செருப்புத் திருட்டுக்கு அது பயன்படுகிறது, மகிழ்ச்சி. ஆனால் ஒளூச் செய்யும் இடத்தை நோக்கியும், பெண்கள் வரும் வாசலை நோக்கியும் கேமரா திரும்பியிருக்கலாகாது. பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், சாவி யாரிடம் என்பதை எழுதி ஒட்டுங்கள். ஜகாத் பெற்றவர்களின் பெயரைச் சில ஜமாஅத்துகள் ஆண்டறிக்கையில் அச்சிடுகின்றன. நம் மலரில் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் மட்டும் வந்தால் போதும். உதவி வாங்கும் முதியவளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் நிறுத்துங்கள்.

குடும்பப் பதிவேடும் நிக்காஹ் தஃப்தரும் ஹுஜ்ராவின் திறந்த அலமாரியிலிருந்து பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கு மாற்றப்பட வேண்டும். தலைவர், செயலாளர் இருவரும் சேர்ந்தே அதைத் திறக்க வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த உத்தரவின்பேரில், எந்தப் பக்கத்தின் நகலைப் பெற்றார் என்பதைக் குறிக்க ஒரு தனிக் குறிப்பேடு வைக்க வேண்டும். எழுத்துமூல உத்தரவு வரும்போது உடனிருந்து ஆலோசனை சொல்ல, நம் மஹல்லாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை நியமிக்க வேண்டும். இவற்றை இன்றைய கூட்டத்தின் தீர்மானங்களோடு சேர்த்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெட்டிக்கான செலவைக் கபரஸ்தான் சுவர் நிதியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று பொருளாளர் அவர்கள் இப்போதே கைகாட்டுகிறார்கள்; சரி, அதைத் தனியே வசூலித்துக்கொள்வோம்.